ஹட்சன் ஆற்றங்கரையில் இந்தியக் குடிகள்

பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து வேற்றூரில் வாழும் மக்களுக்கு, தம்மைப் போலவே பெயர்ந்து வாழும் பிறருடைய வரலாற்றை அறிவதில் தனியொரு நாட்டம் உண்டு. வேற்றுமொழி வழங்கும் நகரில் சங்கம் கண்டு, பொங்கல் விழாவும் ஆண்டு மலருமாகத் தமிழைப் பேணி வரும் நமக்கும் அந்நாட்டம் இயல்பானதே. மேலும், இன்று நம் இல்லங்கள் பலவற்றிலிருந்து ஒரு மகனோ மகளோ அமெரிக்காவுக்குப் புறப்படுகின்றனர். அவர்கள் சென்று இறங்கும் ஊர் இந்தியரை அறியாத ஊர் அன்று. அங்கே நூறாண்டுக்கு மேற்பட்ட இந்தியர் வரலாறு ஒன்று உண்டு. அதனை அறியாது செல்வோர், தம் உழைப்பு ஒன்றினாலேயே கதவு திறந்தது என்று எண்ணிவிடக் கூடும். கதவைத் திறந்தவர் யார், எத்தனை முறை அது அடைக்கப்பட்டது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் இங்கு எடுத்துக்கொள்வது நியூயார்க் மாநகரையும், ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள நியூ ஜெர்சி ஊர்களையும் சேர்த்த பெரும்பகுதியை. அமெரிக்க மாநகர்ப் பகுதிகளுள் இந்தியர் மிகுதியாக வாழ்வது இப்பகுதியிலேதான். அண்மைக் கணக்குகளின்படி அவர்கள் தொகை ஏழு லட்சத்தை ஒட்டியது.

கப்பல் வழி வந்தோர்

அமெரிக்க இந்தியர் வரலாற்றை எழுதுவோர் பலர் சுவாமி விவேகானந்தரிடமிருந்து தொடங்குவர். 1893-இல் சிகாகோ சென்ற சுவாமிகள் 1894-இல் நியூயார்க்கில் வேதாந்த சங்கத்தை நிறுவினார். அவருடைய பயணத்துக்குச் சென்னையில் வீடு வீடாகப் பொருள் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள் என்னும் பள்ளி ஆசிரியர் என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம்.

ஆயினும் அந்நகரில் குடியமர்ந்த முதல் இந்தியர் துறவியருமல்லர், அறிஞருமல்லர். வங்கத்து ஊக்ளி மாவட்டத்திலிருந்து பூத்தையல் துணிகளைச் சுமந்து வந்த முஸ்லிம் வணிகர் 1880களிலேயே நியூ ஜெர்சிக் கடற்கரை ஊர்களில் விற்பனை செய்தனர். அவர்களுக்குப் பின், பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்களின் அடித்தளத்தில் கொதிகலனுக்கு நிலக்கரி வாரிப் போட்ட கப்பல் தொழிலாளர் வந்தனர். சில்ஹெட், நவகாளி முதலிய மாவட்டத்தினரான அவர்கள், நியூயார்க் துறைமுகத்தில் கப்பலை விட்டு நழுவி நகருக்குள் மறைந்தனர். உணவு விடுதிகளில் பாத்திரம் கழுவினர். ஆலைகளில் வேலை தேடினர். ஹார்லம் பகுதியில் கறுப்பினப் பெண்களையும் போர்ட்டோ ரிக்கோப் பெண்களையும் மணந்து குடும்பம் அமைத்தனர். வெள்ளையர் வாழும் தெருக்களில் அவர்களுக்கு இடமில்லை. இடமளித்தவர் தாமும் ஒதுக்கப்பட்டிருந்த மக்களே. இவ்வரலாறு நெடுங்காலம் ஏடேறாமல் கிடந்தது. விவேக் பால்டு என்னும் ஆய்வாளர் 2013-இல் வெளியிட்ட நூலே அதனைப் பலரும் அறியச் செய்தது.

அரசியல் நாடு கடத்தியவர்களும் அந்நகரைப் புகலிடமாகக் கொண்டனர். முதல் உலகப்போர் ஆண்டுகளில் அமெரிக்காவில் தங்க நேர்ந்த லாலா லஜபதி ராய், 1917-இல் நியூயார்க்கில் இந்திய சுயாட்சிக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டு 'யங் இந்தியா' என்னும் இதழையும் தொடங்கினார். நம் விடுதலைப் போரின் ஒரு குரல் அந்நகரத்து அச்சகங்களிலிருந்தும் எழுந்தது.

அடைத்த கதவும் திறந்த கதவும்

லஜபதி ராய் கழகம் கண்ட அதே 1917-இல்தான் அமெரிக்கா இந்தியாவையும் உள்ளடக்கிய ஆசிய நிலப்பரப்பிலிருந்து எவரும் குடியேறலாகாது எனச் சட்டம் இயற்றியது. 1923-இல் பகத் சிங் திந்த் என்பவருடைய வழக்கில், இந்தியர் வெள்ளையர் ஆகார், ஆதலின் குடியுரிமைக்கு உரியரல்லர் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. திந்த் முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர் என்பது நினைக்கத்தக்கது. முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது.

அடைத்த கதவைத் தட்டித் திறந்த வரலாற்றில் இருவர் பெயர் குறிக்கத்தக்கது. ஒருவர் நியூயார்க்கில் துணி வணிகம் செய்த சீக்கியர் ஜே. ஜே. சிங். அமெரிக்க இந்தியா லீகின் தலைவராக இருந்து, நாடாளுமன்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராகக் கண்டு வாதாடியவர் அவர். மற்றவர் புரூக்ளின் தொகுதியின் உறுப்பினர் இம்மானுவல் செல்லர். 1923 முதல் ஐம்பது ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் வீற்றிருந்த இவர், யூதக் குடியில் பிறந்தவர். இனத்தைக் கொண்டு மனிதரை அளந்த 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தம் தொடக்க நாளிலேயே எதிர்த்தவர். இவரும் கிளேர் பூத் லூசு அம்மையாரும் முன்வந்து நடத்திய முயற்சியால் 1946 ஜூலை 2-ஆம் நாள் புதுச் சட்டம் கையெழுத்தாயிற்று. இந்தியருக்குக் குடியுரிமை கிட்டியது. ஆனால் ஆண்டுக்கு 100 பேர் மட்டுமே குடியேறலாம் என்பது அளவு. நாற்பது கோடி மக்கள் கொண்ட நாட்டுக்கு நூறே இடம்!

கதவு அகலத் திறந்தது 1965-இல். அதே செல்லர், செனட்டர் பிலிப் ஹார்ட்டுடன் சேர்ந்து கொணர்ந்த சட்டத்தை, அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள் நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவி சிலையின் அடியில் அமர்ந்து குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டார். நாடு நோக்கி வகுத்த பழைய பங்கீடு ஒழிந்தது. குடும்ப உறவும் தொழில் திறமும் புதிய அளவுகோல்களாயின. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் உரிமைக்காகத் தெருவில் இறங்கிப் போராடி, அடிபட்டுச் சிறைப்பட்ட ஆண்டுகள் அவை. நிறவேற்றுமை அறமன்று என்று அந்நாட்டின் மனச்சான்றை உலுக்கியவர் அவர்களே. அவ்வுலுக்கலின் பயனாகவே குடியேற்றச் சட்டமும் மாறியது. ஆகவே 1965-க்குப் பின் விமானமேறிய ஒவ்வோர் இந்தியரும் அம்மக்களுக்குக் கடன்பட்டவரே.

மற்றொன்றும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். புதுச் சட்டம் தொழில் திறம் உடையவரைத் தேர்ந்தெடுத்து உள்ளே விட்டது. அதே ஆண்டில் முதியோர்க்கும் ஏழையர்க்கும் மருத்துவ உதவித் திட்டங்கள் தொடங்கப்பெற்றதால் மருத்துவர் தேவை பெருகியது. மருத்துவரும் பொறியாளரும் விஞ்ஞானியரும் சென்றனர். கேரளத்துச் செவிலியர் பெருந்தொகையினராகச் சென்றனர். அவர்களைக் கற்பித்த செலவு பெரும்பாலும் நம் நாட்டு அரசுக் கல்லூரிகளுடையது. இந்தியர் இயல்பிலேயே கல்வியிற் சிறந்தோர், ஆதலின் உயர்ந்தனர் என்று அங்கே பேசப்படும் புகழுரையை நாம் அளந்தே ஏற்றல் வேண்டும். சல்லடையில் சலித்து எடுத்த மணிகளைக் கண்டு, களத்து நெல் முழுதும் அவ்வாறே என்று சொல்லலாகாது.

பவுன் தெருவில் எழுந்த கோயில்

1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை மண்டபத்தில் திருமதி எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் பாடியதை நம் மூத்தோர் அறிவர். அச்சபையின் உயர் அலுவலராயிருந்த சி. வி. நரசிம்மன் அதற்குத் துணைநின்றார். காஞ்சிப் பெரியவர் இயற்றித் தந்த உலக நட்புப் பாடல் அன்று அம்மன்றத்தில் ஒலித்தது. நியூயார்க்கில் அந்நாளில் இருந்த தமிழர் சிலரே. அவருள் பலர் சபையின் அலுவலர்.

அவ்வலுவலருள் ஒருவர் செட்டிநாட்டைச் சேர்ந்த அழகப்பா அழகப்பன். அவரும் நண்பர்களும் 1970-இல் வட அமெரிக்க இந்துக் கோயில் கழகத்தைப் பதிவு செய்தனர். குவீன்சு பகுதியின் ஃபிளஷிங்கில், பவுன் தெருவில் இருந்த பழைய ரஷ்யக் கிறித்தவக் கோயில் ஒன்றின் இடத்தை வாங்கினர். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் உதவியுடன் இந்தியாவில் கல் வேலைப்பாடு செய்து கப்பலேற்றி, சிற்பிகளை வரவழைத்து, ஆகம முறைப்படி கோயில் எழுப்பினர். 1977 ஜூலை 4-ஆம் நாள், அமெரிக்க விடுதலை நாளிலேயே, மகாவல்லப கணபதிக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. அவ்வாண்டு எம். எஸ். அம்மையார் அமெரிக்காவில் பாடிய கச்சேரிகள் இத்திருப்பணிக்கும் உதவின.

தெருவின் பெயரில் ஒரு வரலாறு உறைகிறது. டச்சுக்காரர் ஆண்ட காலத்தில், குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர் கூடி வழிபடுதல் கூடாது என்று ஆளுநர் தடைவிதித்தார். தாங்கள் அப்பிரிவினர் அல்லராயினும், அத்தடை அறமன்று என்று 1657-இல் ஃபிளஷிங் ஊரார் விண்ணப்பம் எழுதி ஒப்பமிட்டனர். 1662-இல் ஜான் பவுன் என்பவர் அம்மக்களுக்குத் தம் வீட்டில் இடமளித்தமைக்காகச் சிறைப்பட்டு, கடல்கடந்து அனுப்பப்பட்டு, ஆம்ஸ்டர்டாமில் வாதாடி வென்று திரும்பினார். அவருடைய இல்லம் இன்றும் அத்தெருவில் உள்ளது. பிறருடைய வழிபாட்டு உரிமைக்காக ஊரார் பேசிய அம்மண்ணில், முந்நூறு ஆண்டுக்குப் பின் பிள்ளையார் குடிகொண்டார். 2022-இல் அத்தெருவுக்குக் 'கணேஷ் கோயில் தெரு' என்னும் இணைப்பெயரும் சூட்டப்பட்டது. கோயிலின் கீழ்த்தளத்து உணவகத்தில் தோசை உண்ணச் சீனரும் கொரியரும் ஸ்பானிய மொழியினரும் வரிசையில் நிற்கின்றனர்.

கடைத்தெருவும் வண்டிப் பிழைப்பும்

முதலில் சென்றவர்க்குத் துவரம்பருப்பும் பெருங்காயமும் தந்தது ஓர் அர்மீனியர் கடை என்பது சுவையான செய்தி. மன்ஹாட்டனின் லெக்சிங்டன் சாலையில் 1944-இல் தொடங்கிய கலுஸ்தியான் கடையைச் சுற்றியே பின்னர் இந்தியக் கடைகள் பெருகின. 1970களில் குவீன்சின் ஜாக்சன் ஹைட்சு, 74-ஆம் தெருவில், தாயகம் செல்வோர் வாங்கிச் செல்லும் 220 வோல்ட் மின்கருவிகளுக்கும் சேலைக்கும் நகைக்கும் கடைகள் தோன்றின. ஏழாம் எண் இரயில் அத்தெருவின் அருகே நிற்பதால் நகரின் பல பகுதியினரும் அங்குக் கூடினர். இன்று அங்கே வங்கதேசத்தாரும் நேபாளியரும் திபெத்தியரும் கடை நடத்துகின்றனர்.

முதலில் வந்த மருத்துவரும் பொறியாளரும் தம் உடன்பிறந்தாரை அழைத்தனர். 1976-இல் அயல்நாட்டு மருத்துவர் வருகைக்குக் கட்டுப்பாடு வந்தபின் குடும்ப உறவால் வந்தோர் விகிதம் ஏறியது. இவர்களில் பலர் பட்டம் பெறாதவர். பட்டமிருந்தும் அங்கே அது செல்லாதவர். குஜராத்தியர் சுரங்க இரயில் நிலையங்களில் செய்தித்தாள் கடை வைத்தனர். பஞ்சாபியர் மஞ்சள் வண்டி ஓட்டினர். 1972-இல் ரிச்மண்டு ஹில்லில் பழைய மாதாகோயில் ஒன்றை வாங்கிச் சீக்கியர் குருத்துவாரா அமைத்தனர். 2002-இல் அது தீக்கிரையாக, மீண்டும் கட்டினர்.

1998 மே 13-ஆம் நாள் மஞ்சள் வண்டிகளில் பெரும்பாலானவை ஓடாமல் நின்றன. நகராட்சியின் புதிய கட்டுப்பாடுகளை எதிர்த்து இந்தியரும் பாகிஸ்தானியரும் வங்கதேசத்தாரும் ஒரே அணியில் நின்ற வேலைநிறுத்தம் அது; எல்லையில் பகை கொண்ட நாடுகளின் மக்கள், அயலூரில் ஒரே தொழிலால் தோழராயினர். அவர்கள் சங்கத்தை முன்னின்று நடத்தியவர் குஜராத்தில் பிறந்த பைரவி தேசாய் என்னும் பெண்மணி. 2021-இல் கடன்சுமை நீக்கக் கோரி அவ்வோட்டுநர் உண்ணாநோன்பு இருந்தபோது உடனிருந்த சட்டமன்ற உறுப்பினர் ஸோரான் மம்தானி. இந்திய வழிப் பெற்றோர்க்குக் கம்பாலாவில் பிறந்த அவர் 2025 நவம்பரில் நகரத் தலைவர் தேர்தலில் வென்றார்.

1987-ஆம் ஆண்டின் வடு

ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஜெர்சி நகரில் வாடகை குறைவு. மன்ஹாட்டனுக்கு இரயில் உண்டு. ஆதலின் 1980களில் அங்கே இந்தியர் தொகை விரைந்து பெருகியது. ஆலைகளும் துறைமுக வேலையும் குன்றிய நகரம் அது. வேலையிழந்த உள்ளூர் இளைஞரின் சினம், புதிதாய்க் கடை திறந்தவர்மேல் திரும்பியது. 1987-இல் உள்ளூர் நாளிதழுக்கு ஒரு கடிதம் வந்தது. இந்தியப் பெண்டிர் நெற்றிப் பொட்டைப் பழித்துத் தமக்குப் 'பொட்டுடைப்போர்' எனப் பொருள்படும் பெயர் சூட்டிக்கொண்ட கூட்டத்தார், இந்தியரை நகரை விட்டு ஓட்டுவோம் என்றும், தொலைபேசி ஏட்டில் பட்டேல் என்னும் பெயரைப் பார்த்து வீட்டைக் கண்டுபிடிப்போம் என்றும் எழுதியிருந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் அருகிலுள்ள ஹோபோக்கனில் வங்கி அலுவலரான ஓர் இளைஞர் தெருவில் அடித்து வீழ்த்தப்பட்டு, சில நாளில் உயிர்நீத்தார். அவர் பார்சி, பொட்டு அணியும் மரபினரே அல்லர். அதே நாட்களில் இந்திய மருத்துவர் ஒருவர் தாக்கப்பட்டு நினைவிழந்து கிடந்தார். இளைஞர் வழக்கில் தாக்குதல் குற்றமே நிறுவப்பட்டது. கொலைக் குற்றம் நிறுவப்படவில்லை.

செல்வமும் பட்டமும் தம்மைக் காக்கும் என்று நம்பியிருந்தோர் அன்று விழித்தனர். கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் உள்ளிட்ட இளைஞர் தெருவில் இறங்கினர். மூத்த தலைமுறை ஒதுங்கி வாழ விரும்ப, அம்மண்ணில் வளர்ந்த தலைமுறை உரிமை பேசியது. "இவர்கள் வந்து நம் வேலையைப் பறித்தனர்" என்னும் சொல் நம் மூத்தோர் செவிக்கும் புதிதன்று. இந்திய நாட்டுக்குள்ளேயே மாநிலம் கடந்து பிழைக்கச் சென்ற தமிழர் அதனைக் கேட்டிருக்கின்றனர். ஒரு கூட்டத்தார் நிலைபெறும் வேளையில்தான் அச்சொல் உரத்து எழும் என்பதை இரு வரலாறும் காட்டுகின்றன.

1990-இல் வந்த சட்டத்தால் கணிப்பொறித் தொழிலினர் புதிய வரிசையாக வந்தனர். தமிழர் தொகை பெருகியதும் அதன் பின்னரே. எடிசன், இசலின் ஊர்களின் ஓக் டிரீ சாலை பெருங்கடைத்தெருவாயிற்று. தாமஸ் எடிசன் 1879-இல் மின்விளக்கை ஒளிரச் செய்த இடத்தை உள்ளடக்கிய எடிசன் ஊரில், 2010-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூற்றுக்கு 28 பேர் இந்தியர்.

மாரியம்மனைச் சுமந்து வந்தோர்

நியூயார்க்கில் வாழும் இந்திய வழியினருள் ஒரு பெருங்கூட்டத்தார் இந்தியாவைக் கண்டதே இல்லை. கயானா, டிரினிடாடு நாடுகளிலிருந்து வந்து ரிச்மண்டு ஹில்லில் வாழ்வோர் அவர்கள். 1838 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஏறத்தாழ 2,39,000 பேரின் வழித்தோன்றல்கள் இவர்களுள் உளர். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து சென்றோர். சிறு பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். 1966-இல் கயானா விடுதலை பெற்ற பின்னர், அரசியல் பூசலாலும் வறுமையாலும் மீண்டும் பெயர்ந்து நியூயார்க் வந்தனர்.

இந்தியாவிலிருந்து நேரே வந்த பட்டதாரிகள் இவர்களைத் தம்மவராக உடனே ஏற்றனரா என்றால், இல்லை என்றே கூற வேண்டும். பேச்சு வேறு, உடை வேறு, கல்வி வேறு. வீடு வாடகைக்குக் கேட்டபோதும் மணம் பேசியபோதும் இவ்வேற்றுமை தலைகாட்டியது. ஆயினும் ரிச்மண்டு ஹில்லின் வழிபாட்டு இல்லங்கள் சிலவற்றுள் நுழைவோர் வியப்படைவர். அங்கே மாரியம்மன் வேப்பிலையுடன் எழுந்தருளியிருக்கிறாள், தப்பு முழங்குகிறது, மருள் வந்து குறி சொல்லப்படுகிறது. அவ்வழிபாட்டைச் 'சென்னையார் வழிபாடு' என்றே கயானாவில் அழைத்தனர். பாடல்களில் தமிழ்ச் சொற்கள் சிதைந்து கிடக்கின்றன. பாடுவோர்க்குப் பொருள் தெரியாது.

நாம் கருதவேண்டியது

இங்கே நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். நூற்றைம்பது ஆண்டு, இரண்டு கடற்பயணம், கரும்புத் தோட்டத்துக் கொடுமை ஆகிய அனைத்தையும் கடந்து தெய்வம் நிலைத்தது, தப்பும் வேப்பிலையும் நிலைத்தன, மொழி நிலைக்கவில்லை. வழிபாடும் உணவும் வீட்டுக்குள்ளேயே தாமாகத் தொடரும் இயல்புடையன. மொழியோ, பள்ளியும் ஏடும் பேசத் துணையும் இன்றி இரண்டு தலைமுறைக்குமேல் தங்குவதில்லை. தோட்டத்துக் கூலிகளுக்கு அவை மறுக்கப்பட்டன. அவர்கள் தமிழை மறந்தார்கள் என்பதினும், தமிழ் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதே பொருந்தும்.

நமக்கு அத்தகைய தடை ஏதுமில்லை. நியூயார்க் தமிழ்ச் சங்கம் 1970-இல் தோன்றியது. சங்கங்களின் கூட்டமைப்பான வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை 1987-இல் உருவாயிற்று. வார இறுதியில் பள்ளிக் கட்டடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் தமிழ் வகுப்புகள் நடக்கின்றன. பெற்றோரே ஆசிரியர். குழந்தை வகுப்பில் தமிழ் எழுதி, வாயிலைத் தாண்டியதும் ஆங்கிலம் பேசுகிறது என்னும் குறை அங்கும் உண்டு. இந்நகரில் நம் பிள்ளைகள் வீதியில் பேசுவது எம்மொழி என்பதை நாம் அறிவோமாதலின், அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அவர்களுடைய கேள்வியும் நம்முடைய கேள்வியும் ஒன்றே.

அமெரிக்கா செல்லும் நம் பிள்ளைகளுக்கு ஊறுகாயும் பொடியும் கட்டிக் கொடுக்கிறோம், நன்று. அவற்றோடு இவ்வரலாற்றையும் சொல்லி அனுப்புவோம். கொதிகலன் அறையிலிருந்து தப்பிவந்த வங்காளியும், கதவைத் தட்டிய சீக்கிய வணிகரும், அதனைத் திறக்கப் போராடிய யூதரும், அவர்களுக்கு முன்னின்று அடிபட்ட கறுப்பின மக்களும் வகுத்த பாதையில்தான் தாம் நடக்கிறோம் என்பதை அவர்கள் அறியட்டும். வண்டியோட்டும் பஞ்சாபியையும் தப்படிக்கும் கயானாக்காரரையும் கண்டால் உறவுமுறை சொல்லி அழைக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை வந்திறங்கும் பேரக் குழந்தையிடம் நாமும் தமிழிலேயே பேசுவோம். விடை ஆங்கிலத்தில் வந்தாலும் சலியாது பேசுவோம். மூன்றாம் தலைமுறையிலும் தமிழ் பொருள் விளங்கும் மொழியாக நிற்பது அப்பேச்சைப் பொறுத்தது.